நாறினால்தான் படம்

"நாறுதா, ஜொஹரா?"

குளியலறைக்குள்ளிருந்து தாவூது கேட்கும் கேள்வி இது. அடுக்களையில் மத்தி ஆய்ந்துகொண்டிருக்கும் ஜொஹரா பீவி, தலையில் போட்ட தட்டத்துணியின் நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நாறுது, நாறுது. பஜார் ரோடு வரைக்கும் நாறுது" என்பார். அதைக் கேட்டதும் தாவூதின் முகம் மலர்ந்துவிடும். கையிலிருக்கும் கறுப்பு டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்ப்பார், நிமிர்த்துவார், அடியில் இரண்டு தட்டுத் தட்டுவார். டப்பாவுக்குள் பிலிம் கழுவப்பட்டுக்கொண்டிருக்கிறது. கழுவுகிற திரவம் அவரே கலந்தது: மலிவான இன்ஸ்டன்ட் காப்பித்தூள், துணி துவைக்கும் சோடா, மருந்துக்கடையில் வாங்கி அம்மியில் பொடித்த வைட்டமின் சி மாத்திரை. இவை மூன்றும் சேர்ந்தால் எழுகிற நாற்றம் ஈர வைக்கோலும் பழைய மீனும் கலந்தது போலிருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தாவூதுக்குத் தெரியாது. கொரோனாக் காய்ச்சலில் போன அவருடைய மோப்பம் இன்னும் திரும்பவில்லை.

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் மொத்தமாக விற்கும் கடையில் தரம் பிரிப்பவர் அவர். மூக்கு போனதும் முதலாளி பயந்தார். இவர் பயப்படவில்லை. மிளகைக் கடித்துப் பார்க்கிறார், உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்கிறார், காதருகே குலுக்கிக் கேட்கிறார். பூஞ்சை வாடை பிடிக்க மட்டும் பக்கத்திலிருப்பவரிடம் நீட்டுகிறார். "மூக்கு மட்டும் ரிட்டயர் ஆயிடுச்சு. மத்ததெல்லாம் டூட்டியிலதான் இருக்கு" என்பார். ஆள் ஒல்லி. இடது முழங்காலில் தேய்மானம், குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவர் வேண்டும். நகங்களில் எப்போதும் காப்பிக் கறை. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுத் தேய்க்கிறார், போவதில்லை.

கேமரா கிடைத்தது யூதத் தெருவில். பழம்பொருள் கடையொன்றில் பித்தளை விளக்குகளுக்கு நடுவே அலங்காரமாக உட்கார்ந்திருந்த இரட்டைக் கண் கேமரா. தேவராவில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவர் அதன் சிக்கலை எடுத்துக் கொடுத்தார். அகலமான பிலிம், சுருளுக்குப் பன்னிரண்டு படம்தான். காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தங்கை மகன் சஜ்ஜாத் பிலிமை ஆன்லைனில் தருவிக்கிறான். காப்பிக் கலவையின் வீடியோவைக் காட்டியதும் அவன்தான். மற்றதெல்லாம் தாவூதின் ஏற்பாடு. பிலிமை வெளிச்சம் படாமல் டப்பாவுக்குள் ஏற்ற, ஜொஹராவின் பழைய பர்தா இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துத் தைத்த பை. படம் நிலைக்க, மீன் தொட்டிக் கடையில் குளோரின் போக்க விற்கும் வெள்ளைப் படிகம். கொச்சி வெயிலுக்குத் திரவம் சூடேறாமலிருக்க, மீன்காரர் தரும் ஐஸ்.

இத்தனை பாடு எதற்கு, போனில் எடுத்தால் போதாதா என்று கேட்காதவர் இல்லை. போனில் எடுக்கலாம். ஜொஹரா அழித்துவிடுவார்.

நாலு வருடம் முன்பு ஒரு விடியற்காலையில் அவருக்கு முகவாதம் வந்தது. மாத்திரையும் பயிற்சியுமாகப் பெரும்பாலும் தெளிந்துவிட்டது. இடது கண் ஒழுங்காக மூடுகிறது, சோறு ஒழுகுவதில்லை. சிரிப்பு மட்டும் வலது பக்கத்தோடு நின்றுவிடும். அன்றிலிருந்து போனை யார் தூக்கினாலும் அவர் கை வாய்க்குப் போய்விடும். அதையும் மீறி எடுத்தால் வாங்கிப் பார்ப்பார், அங்கேயே அழிப்பார். சார்ஜாவிலிருக்கும் மகள் முஹ்சினாவுக்கு நாலு வருடமாகப் போன படங்களிலெல்லாம் உம்மாவுக்கு முகத்தில் பாதிதான். முழுசா ஒண்ணு அனுப்புங்க அத்தா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பிலிமில் எடுத்த உடனே பார்க்க முடியாது, அழிக்கவும் முடியாது. தாவூது பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். கண்டதையெல்லாம் எடுத்துக் கழுவிப் பழகிக்கொண்டே மாதக்கணக்கில் கெஞ்சி, கடைசியில் ஜொஹராவைச் சம்மதிக்க வைத்தார். ஜொஹரா தன் நிபந்தனையைச் சொன்னார்.

"ஒரே ஒரு சுருள். கழுவினதும் மொதல்ல நான் பாப்பேன். கத்தரி என் கையில இருக்கும். புடிக்காதத வெட்டிப் போடுவேன். கெட்டுப்போனா அதோட தீந்துச்சு, இன்னொரு தடவை நான் ஒக்கார மாட்டேன்."

கொல்லைப்புறத்தில் மீன் ஆயும் கல்லருகே உட்கார வைத்தார். முதல் படத்துக்கு வழக்கம்போலக் கை வாய்க்குப் போனது. ஆனால் இந்தக் கேமராவை வயிற்றோடு அணைத்து, மேலிருந்து குனிந்துதான் பார்க்க வேண்டும். கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவர் போல நிற்கும் மனிதர் முன்னால் எவ்வளவு நேரம் வாயைப் பொத்திக்கொண்டிருப்பது? ஜொஹரா மீனை ஆய ஆரம்பித்தார். பூனை ஒன்று தட்டிலிருந்து பெரிய மத்தியாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு மதிலேறியது. அவர் சிரித்துவிட்டார். தாவூது குனிந்த தலை நிமிராமல் விசையைத் தட்டினார்.

கழுவியது அடுத்த வெள்ளிக்கிழமை காலையில், கடைக்கு விடுமுறை. நோன்பு தொடங்க இன்னும் சில நாட்கள். கலவை நுரைத்தது, கறுத்தது, எல்லாம் சரியாகவே தெரிந்தது. டப்பாவில் ஊற்றிக் கவிழ்த்து நிமிர்த்தியபடி வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

அடுக்களையிலிருந்து பதில் வந்தது. "இன்னிக்கு நல்ல காப்பி மணமா இருக்குங்க. எனக்கும் ஒரு கிளாஸ் கலக்குங்க."

தாவூதின் கை அந்தரத்தில் நின்றது.

"என்னது? நாறலையா?"

"இல்லைங்கறேன். சந்தோசப்படுங்களேன்."

டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் வெளியே வந்தார். அலமாரியிலிருந்து சோடா டப்பாவை எடுத்து, ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் நனைத்து விரல்களுக்கிடையே தேய்த்தார். துணிச்சோடா என்றால் சோப்புப் போல வழுக்கும். இது வழுக்கவில்லை. நாக்கில் வைத்தார். ஆப்பச்சோடா.

விஷயம் வெளியே வந்தது. நோன்பு மாதத்துக்கு முன் வீட்டை அடி முதல் முடி வரை கழுவுவது வழக்கம். அந்த வாரம் ஜொஹரா தரை, ஜன்னல், அடுக்களை ஜாடிகள் எல்லாவற்றையும் தேய்த்திருந்தார். தேய்க்க எடுத்தது கணவரின் துணிச்சோடா, கடைசிப் பொடி வரை. காலியான டப்பாவின் மூடி நன்றாக இறுகுகிறதே என்று ஆப்பச்சோடாவை அதில் கொட்டி வைத்துவிட்டார்.

"வீட்டுச் சாமான், வீட்டுக்குத்தானே எடுத்தேன்" என்றார் ஜொஹரா. குரல் சற்று இறங்கியிருந்தது. "போச்சா?"

"ஆப்பச்சோடாவுல படம் எழும்பாது. ஆனா மீன் தொட்டி மருந்த இன்னும் ஊத்தல. அத ஊத்தியிருந்தா சுருளே வெறும் கண்ணாடி. நீ காப்பி கேட்டியே, அதுதான் காப்பாத்துச்சு."

பிலிம் டப்பாவிலிருந்த கலவையை மூடியின் துளை வழியே கொட்டி, தண்ணீர் விட்டு அலசி, திறக்கக் கூடாது என்று ஜொஹராவின் கையில் கொடுத்துவிட்டு, தேய்ந்த முழங்காலோடு சந்தில் ஓடினார். முனையில் திருநெல்வேலிக்காரர் இசக்கிமுத்துவின் சலவைக் கடை. மூச்சு வாங்கச் சோடா கேட்டவரைப் பார்த்து இசக்கிமுத்து இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"இம்புட்டு அவசரமா என்னத்த பாய் கழுவப் போறிய?"

"என் பொஞ்சாதியை."

இசக்கிமுத்து இரண்டு கை அள்ளிப் பொட்டலம் கட்டித் தந்தார். பின்னாலிருந்து, "அக்கா சம்மதிச்சாவளா?" என்று குரல் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது ஜொஹரா அதே இடத்தில், பச்சைக் குழந்தையைப் பிடித்திருப்பது போல டப்பாவைப் பிடித்தபடி நின்றிருந்தார். தாவூது மறுபடி கலந்தார், ஊற்றினார், கவிழ்த்தார். இம்முறை அவர் கேட்கவில்லை. ஜொஹரா தானாகவே குளியலறை வாசலுக்கு வந்து, ஒரு முறை ஆழமாக மூச்சிழுத்து, முகத்தைச் சுளித்தார்.

"நாறுது. சகிக்கல. அல்ஹம்துலில்லாஹ்."

மத்தியானம் பிலிம் கொல்லைக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கியது. காய்ந்ததும் தாவூது எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஜொஹரா கத்தரியோடு வந்தார்.

"அய்யே. மொகம் கரிச்சட்டி, முடி எல்லாம் நரை."

"இதுல எல்லாம் மாறித்தான் தெரியும். அச்சுல சரியாயிடும்."

"வாயுமா?"

"இல்ல. அது உள்ளபடிதான்."

ஜொஹரா சுருளைக் கையில் வாங்கிக்கொண்டார். கீழிருந்து மேலாக ஒவ்வொரு சதுரமாகப் பார்த்தார். மத்தி, கத்தி, குனிந்த தலை. பூனை வந்து போன சதுரத்தில் நின்றார். கறுத்த முகத்தில் வாய் வலது பக்கமாக மட்டும் மேலே ஏறியிருந்தது. அதைக் கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். தாவூது வேறெங்கோ பார்ப்பது போல மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்தரி திறந்தது. ஜொஹரா சுருளின் மறு நுனிக்குப் போய், கை வாயைப் பொத்தியிருந்த முதல் படத்தை ஒரே வெட்டாக வெட்டி, மீன் கழிவு வாளியில் போட்டார்.