படிக்கு உள்ளே உயர்ந்த வெள்ளம்

ஓசூர் சாலையிலிருந்து அடுகோடிக்குள் திரும்பியதும் மிதிப்பதை நிறுத்தினேன். வேறொன்றுமில்லை, சோம்பல். சைக்கிள் தானாக ஓடியது. அக்காவின் தையல் கடை இருக்கும் தெருவில் நின்றுவிடும் என்று நினைத்தேன். மழை பெய்தால் முதலில் குளமாவது அந்தத் தெருதானே? ஆனால் கடையைத் தாண்டி ஓடியது. பக்கத்துச் சந்தில் திருப்பினேன், இன்னும் வேகமெடுத்தது. கடைக்குப் பின்னால் போகும் ராஜகால்வாயின் சுவரருகே பிரேக் பிடித்த பிறகுதான் நின்றது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. பள்ளம் வாசலில் இல்லை, முதுகுப்பக்கம் இருக்கிறது!

இந்த ஊருக்கு ஆறு கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஏரி ஏரியாகக் கட்டி, ஒன்று நிறைந்தால் அடுத்ததற்குத் தண்ணீர் போக வெட்டியவைதான் ராஜகால்வாய்கள். எங்கள் பக்கத்துத் தண்ணீர் பெல்லந்தூர் ஏரியை நோக்கி இறங்க வேண்டும். எத்தனையோ ஏரிகள் மைதானமாகவும் வீட்டுமனை லேஅவுட்டாகவும் ஆகிவிட்டன. ஆனால் சரிவு? அது அப்படியே கிடக்கிறது. பள்ளியில் ஆல்ப்ஸ் மலையை வரைந்து நல்ல மார்க் வாங்கியவன் நான். தினமும் மிதிக்கிற தெரு ஒரு பள்ளத்தாக்கின் சரிவு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை!

சைக்கிளைப் போட்டுவிட்டுக் கடைக்குள் ஓடினேன். அக்காவுக்கு இது விளையாட்டு விஷயம் இல்லை. போன மழையில் மிஷின் மோட்டார்கள் நனைந்து புகைந்தன. இன்னொரு முறை தண்ணீர் புகுந்தால் கடையை மூடிவிட்டு, பழையபடி கார்மென்ட்ஸ் வேலைக்கே போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள். அங்கிருந்து கூப்பிட்டும்விட்டார்கள். இத்தனைக்கும் அந்த மழைக்கு முன்பே மாமா, அவள் கணவர், வாசற்படியை முழங்கால் உயரத்துக்கு ஏற்றிக் கட்டியிருந்தார். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான். யார் வீட்டுப் படி உயரம் என்று போட்டியே உண்டு. மழை வந்தால் சாக்கு மூட்டையோடு வாசலுக்கு ஓடுவோம். பின்பக்கம் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

நான் போனபோது மாமா படிமேல் இன்னொரு வரிசை செங்கல் வைக்க அளந்துகொண்டிருந்தார்.

"மாமா, நிறுத்துங்க! படிக்கு வெளிய சேத்துக் கோடு எங்க இருக்கு பாருங்க. உள்ள சுவத்துல பாருங்க. வெளிய விட உள்ள எப்படி ஒசரமா தண்ணி நிக்கும்?"

"என்னடா மச்சான், திடீர்னு சர்வேயரு வேல கெடச்சிடுச்சா?"

அக்கா பின்னால் போய் பாத்ரூம் கதவை இழுத்துப் பார்த்தாள். கதவின் உட்பக்கம் கறுப்புச் சேறு அப்பிக் காய்ந்திருந்தது.

"அன்னிக்கு மொதல்ல நாத்தம்தான் வந்துச்சு. நான் தெருத் தண்ணின்னே நெனச்சேன்," என்றாள். கால்வாய் நிரம்பியதும் தண்ணீர் பாத்ரூம் கழிவுக்குழாய் வழியே திரும்பி ஏறியிருக்கிறது. வெளியேற விடாமல் அதைப் பிடித்து வைத்தது அந்தப் படி!

அக்கா மாமாவைப் பார்த்தாள். "நீங்க தண்ணிய தடுக்கல. தொட்டி கட்டி வெச்சிருக்கீங்க."

"சரி, மீன் வளத்துக்கலாம்," என்றார் மாமா. சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. "அதுக்காக மஞ்சள் குங்குமம் வெக்கற படிய ஒடைக்கச் சொல்றியா? உங்கம்மாகிட்ட நீயே சொல்லிக்கோ."

உடைக்க வேண்டாம், அடியில் தண்ணீர் வெளியேற ஒரு துளை போட்டு, அதற்கு ஒரு மூடி மாட்டினால் போதும் என்றேன். பாத்ரூம் குழாயில் தண்ணீரை வெளியே விட்டு உள்ளே வர விடாத வால்வு ஒன்று. அவ்வளவுதான், முடிந்தது! கத்திக்கொண்டிருந்தேன் போல, பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனப்பா, நீவு முச்சிதரே நீரு நம் மனேகே பரத்தே அல்வா?"

நீங்கள் அடைத்தால் எங்கள் வீட்டுக்கு வருமே என்கிறார். உண்மைதான், கால்வாய்த் தண்ணீர் ஏதாவது ஒரு குழாயில் ஏறத்தானே செய்யும்? அப்படியென்றால் வரிசையில் எல்லா வீட்டுக்கும் சேர்த்தே வால்வு போட வேண்டும்! என் வேலை ஒரே நொடியில் பத்து மடங்கு பெரிதானது. எனக்கோ இன்னும் குஷி.

யார் வீட்டுக் குழாய் கால்வாயில் எங்கே திறக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு பாத்ரூமிலும் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றப் போகிறோம். வாளி மாமாவுடையது, எந்த வீட்டில் ஊற்றுகிறார்கள் என்று எனக்குச் சொல்ல போன் அக்காவுடையது, கன்னடத்தில் வீடு வீடாகப் பேசுவது ஆன்ட்டி. நீலம் வெளிவரும் இடத்தைக் குறிக்க நான் கால்வாய்ச் சுவரில் சாக்பீஸோடு நிற்பேன். மழைக்கு முன் முடித்தாக வேண்டும். கார்மென்ட்ஸிலிருந்து கூப்பிட்டவர்களுக்கு அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை.