பச்சைத் தண்ணீர் வீரருக்குப் பிடித்த ஜலதோஷம்

போன சனிக்கிழமை நாமகிரிப்பேட்டையிலிருந்து சேலம் வந்த, கரி வாயுவில் ஓடும் பஸ்ஸில் மஞ்சள் நிறத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தாரே, பார்த்தீர்களா? முகம், கழுத்து, காது, மீசை — எல்லாம் மஞ்சள். பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. ஆனால் அவர் பக்கத்து சீட்டு மட்டும் காலியாக இருந்தது.

அந்த மனிதர் நான்தான்.

மார்கழி பிறந்தபோது இதே பக்கத்தில் நான் எழுதியது வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். பனிக்காலத்தில் உடம்புக்கு நோய் தாங்கும் சக்தி வேண்டுமா? டானிக் வேண்டாம், லேகியம் வேண்டாம். விடியற்காலையில் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள், போதும். வெந்நீர் என்பது சோம்பேறிகள் கண்டுபிடித்தது. எனக்கு ஜலதோஷம் பிடித்து வருஷக்கணக்கு ஆகிறது... இப்படியெல்லாம் வெளுத்து வாங்கியிருந்தேன். அன்றைய தேதிக்கு அத்தனையும் உண்மை.

சும்மா இருந்திருக்கலாம். யார் விட்டார்கள்? செவ்வாய்ப்பேட்டை மஞ்சள் மண்டி முதலாளி ஒருவர் வீடு தேடி வந்துவிட்டார். சரிகைக் கரைத் துண்டு போட்ட பெரிய மனிதர்.

"நீங்க எழுதினதப் படிச்சதிலிருந்து எங்க கடைவீதியே பச்சத் தண்ணியிலதானுங்க குளிக்குது. இதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலைங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீங்களே வந்து ஒரு பிரசங்கம் பண்ணோணும். உங்களை நேர்ல பாக்கோணும்னு எல்லாரும் ஆசைப்படறாங்க."

நேரில் பார்க்க வேண்டுமாம். மறுப்பேனா நான்? தாராளமாக வருகிறேன் என்றேன்.

வியாழக்கிழமை காலை முதல் தும்மல் வந்தது. தூசி என்றேன். அடுத்த தும்மல் வந்தது. மிளகாய் நெடி என்றேன். அடுப்பே இன்னும் பற்ற வைக்கவில்லை என்று என் மனைவி பாவாயி சொன்னாள். மத்தியானத்துக்குள் மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது. தொண்டையில் யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிறார்கள்.

டாக்டரிடம் போகலாமே என்பீர்கள். எப்படிப் போவது? அவரும் என் வாசகர். மருந்துக் கடைக்காரர் என் கட்டுரையைக் கத்தரித்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார். அந்த மனிதரிடம் போய்ச் சளிக்கு மாத்திரை கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஊரே நம்பித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கிறது. சொன்னவனுக்கே ஜலதோஷம் என்று தெரிந்தால் நான் அப்புறம் பேனாவைத் தொட முடியுமா?

பாவாயிதான் வழி சொன்னாள்.

"எங்க அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டு வாங்க. அங்க இப்ப மஞ்ச வேக வெக்கறாங்க. அந்த ஆவியில நின்னாப் போதும், சளி ஓடிப் போயிரும். உங்களத் தெரிஞ்சவங்களும் ஒருத்தரும் இல்லை."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. நாமகிரிப்பேட்டையில் மச்சான் நாச்சிமுத்துவுக்கு மஞ்சள் தோட்டம். தை மாதம் வந்தால் வெட்டிய மஞ்சளைப் பெரிய கொப்பரையில் கொட்டி, தண்ணீர் விட்டு, மேலே சாக்கைப் போட்டு மூடி வேக வைப்பார்கள். தோட்டம் பூராவும் ஆவி பறக்கும். வெள்ளிக்கிழமை போய் இறங்கி, விஷயத்தை ரகசியமாகச் சொன்னேன்.

"இதுக்கா மாப்பிள்ளை இவ்வளவு கவலை? மஞ்ச வேக வெக்கறவனுக்கு எங்காச்சும் சளி புடிச்சுப் பாத்திருக்கீங்களா? நாளைக்குக் காலையில வேது புடிச்சிரலாம். சுக்கு, நொச்சி எல்லாம் டவுன்காரங்களுக்கு. நமக்குக் கொப்பரையே இருக்குதுங்க."

மறுநாள் காலை கொப்பரை பக்கத்தில் ஒரு கட்டை போட்டு என்னை ஏற்றினார். குனியச் சொன்னார். ஆவி வெளியே போகாமல் இருக்க என் தலைக்கு மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினார். அது எந்தச் சாக்கு? கொப்பரையை மூடி வைத்திருந்தார்களே, அதே சாக்கு. எத்தனையோ வேக்காட்டின் மஞ்சள் தண்ணீரைக் குடித்துக் குடித்து ஊறிப் போன சாக்கு. ஆவி பட்டதும் சொட்ட ஆரம்பித்தது. நெற்றியில் சொட்டியது, கழுத்தில் வழிந்தது, காதுக்குள் போனது. வியர்வை என்று நினைத்து நான் இரண்டு கையாலும் முகம் பூராவும் நன்றாகத் தேய்த்துவிட்டுக்கொண்டேன்.

சாக்கை எடுத்ததும் மச்சான் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மூக்கு எப்படிங்க இருக்குது?"

"கொஞ்சம் திறந்த மாதிரி இருக்கிறது மச்சான்."

"அது போதுங்க. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

மத்தது என்ன என்று பஸ்ஸில் ஏறியதும் தெரிந்தது. ராசிபுரத்தில் ஏறிய ஓர் அம்மாள் என் பக்கத்தில் உட்கார வந்து, முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டார். கொஞ்ச தூரம் போனதும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

"ஏஞ்சாமி, காமாலை முத்திப் போச்சாட்ட இருக்குதே. கீழாநெல்லிய அரைச்சு மோர்ல குடிக்கறீங்களா? உப்பச் சேத்தாதீங்க, சாமி."

சேத்துவதில்லை என்று தலையாட்டினேன். வாயைத் திறந்தால் தும்மல் வந்துவிடும் போலிருந்தது. காமாலையோடு சளியும் என்றால் பஸ்ஸையே நிறுத்திவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் போட்டேன், கடலை மாவு போட்டேன். மஞ்சள் போவேனா என்றது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. கூட்டத்துக்கு நேரமாயிற்று. பாவாயி கொல்லைப்புறம் போன சமயம் பார்த்துத் துணி துவைக்கிற சோப்பை எடுத்து முகத்தில் பரபரவென்று தேய்த்துவிட்டேன். கண்ணாடியைப் பார்க்கிறேன்... மஞ்சள் போய்விட்டது. முகம் பூராவும் சிவப்பு.

பாவாயி வந்து பார்த்தாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"ஏனுங்க, மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பப் போட்டு ஆரத்தி கரைக்கறதப் பாத்ததே இல்லீங்களா? சோப்பும் அதே வேலையத்தான் பண்ணும். உங்களை மூணு சுத்துச் சுத்தி வாசல்ல ஊத்திரலாமாட்டிருக்குது."

அழுகை வராத குறைதான். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். உடம்பு சரியில்லை என்ற ஒன்றைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தானே? கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மண்டி முதலாளி வீட்டு மாடியில் கூட்டம். கடைவீதி முழுவதும் வந்திருந்தது. என்ன மரியாதை என்கிறீர்கள்... ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் துண்டால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு பணிவாக உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி எழுந்து, "பச்சத் தண்ணியோட பலன நீங்களே பாருங்க, மூஞ்சி எப்படி ரத்தம் பாஞ்சு கெடக்குது" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு அவசரமாகத் துண்டைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் எழுந்தேன். "பெரியோர்களே" என்றேன். சரியாக வந்தது. "பனிக்காலத்தில்" என்றேன். மூக்கின் நுனியில் ஒரு குறுகுறுப்பு. மூச்சைப் பிடித்தேன். உதட்டைக் கடித்தேன். குலதெய்வத்தை வேண்டிக்கொண்டேன். "ஜலதோஷம் என்பது நம்மை அண்டவே..." என்று சொல்லும்போது வந்தது பாருங்கள் ஒரு தும்மல். மேஜை மேலிருந்த ரோஜா மாலை நகர்ந்தது.

என் எழுத்தும் ஆயிற்று, என் மானமும் ஆயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது முதல் வரிசையில் மண்டி முதலாளி தும்மினார். அவரைத் தொடர்ந்து பக்கத்திலிருந்த புளி வியாபாரி தும்மினார். பிறகு வரிசை வரிசையாக... வாரக்கணக்கில் அடக்கி வைத்திருந்த தும்மல்கள். இருமல்கள். மூக்குச் சிந்தல்கள். கடைசி வரிசையில் ஒருவர் தும்மித் தும்மி நாற்காலியோடு சாய்ந்தார். என் கட்டுரை பிழையாக இருக்காது, தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக வெட்கப்பட்டுக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரியாமல் மூக்கைச் சிந்திக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

எழுதுகிறவனை இப்படியுமா நம்புவார்கள்? ஒன்று யோசித்துப் பாருங்கள். பனி பாதி ஆளைத்தான் படுக்க வைக்கிறது. "எனக்கு ஒன்றும் இல்லை" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோமே, அந்த வீம்பு மீதி ஆளைக் கொண்டுபோய்விடுகிறது. முதல் நாளே சொல்லியிருந்தால் ஆளுக்கு ஒரு டம்ளர் மிளகு ரசத்தோடு முடிந்திருக்கும்.

பிரசங்கம் அதோடு சரி. கீழேயிருந்து சூடாகச் சுக்குக் காப்பி வந்தது. முதலாளி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"நீங்க மாடிப்படி ஏறும்போதே மஞ்ச வாசம் வர்றாப்பல இருந்துதுங்க. பொறந்ததிலிருந்து மஞ்ச யாவாரம் பண்றேன், எனக்குத் தெரியாதா? ஆனா மூக்கு அடைச்சுக் கெடக்குது... உறுதியாச் சொல்ல முடியலைங்க."

நான் இன்னொரு டம்ளர் சுக்குக் காப்பி வாங்கிக்கொண்டேன். விடை பெறும்போது வாசல் வரைக்கும் கூடவே வந்தார். கடைவீதி சார்பில் ஒரே ஒரு விண்ணப்பம் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த வாரம் எழுதறப்ப, தயவு பண்ணி, சுடுதண்ணின்னு எழுதிப்போடுங்க சாமி. நீங்க எழுதாம நாங்க எப்படிங்க மாத்தறது?"

செவ்வாய்ப்பேட்டைவாசிகளே — சுடுதண்ணீர்.