மேற்கு மூலையில் முப்பத்தேழு டிகிரி

தொண்ணூறுகளின் நடுவில், கோவைக்கு வெளியே ஒரு நூற்பாலையில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. அடிக்கடி வெட்டுப்படும் அரசு மின்சாரத்தை நம்பி ஆலையை ஓட்ட முடியாது என்று அவர்கள் சொந்தமாகவே மின்சாரம் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். பர்னஸ் ஆயில் என்ற கெட்டியான எண்ணெயில் ஓடும் மூன்று எஞ்சின்கள். அவை கக்கும் சூடான புகையை வீணாக்காமல் ஒரு பாய்லருக்குள் செலுத்தி நீராவி எடுப்பார்கள். நீராவியில் ஒரு பங்கு சாயப் பிரிவுக்குப் போகும். மறு பங்கு, நீராவியின் சூட்டைக் கொண்டே தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லருக்குப் போகும். அந்தத் தண்ணீர்தான் நூல் ஓடும் கூடங்களின் காற்றைக் குளிர்வித்தது.

பிற்பகலில்தான் சிக்கல். சாயத் தொட்டிகளும் சில்லரும் ஒரே நேரத்தில் நீராவி கேட்கும். பற்றாவிட்டால் இன்னொரு பாய்லரைத் தனியாக எண்ணெய் விட்டு எரிக்க வேண்டும். அதை எரிக்காமலே சமாளிக்க ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதித் தருவது என் பொறுப்பு.

எஞ்சின், பாய்லர், சில்லர் ஒவ்வொன்றையும் சமன்பாடுகளாக்கி, ஆறு மாதம் உட்கார்ந்து எழுதினேன். புரோகிராம் ஒரு வழி சொன்னது. இரண்டு மணி முதல் நான்கு மணி வரை சில்லரைப் பாதியாகக் குறை. நீராவியைச் சாயத்துக்குக் கொடு. கூடம் மெல்லத்தான் சூடேறும், முப்பத்தொரு டிகிரியைத் தாண்டாது. அப்படியே செய்தோம். மூன்று வாரம் அந்த இரண்டாவது பாய்லரை யாரும் பற்றவைக்கவில்லை. மிச்சமான எண்ணெயைக் கணக்கிட்டு மேனேஜரிடம் ஒரு ரிப்போர்ட் கொடுத்தேன். என் அறையிலிருந்த திரையில் முப்பத்தொன்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது.

ஏப்ரலில் ஒரு நாள், ஷிப்ட் முடிந்து ஒரு பெண் என் அறை வாசலில் வந்து நின்றாள். நூலைக் கூம்பு வடிவக் கோன்களில் சுற்றும் பிரிவில் வேலை செய்பவள். என் வயதுதான் இருக்கும். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி.

“ஏனுங்க மேடம், மத்தியானத்துல குளுரு காத்தக் கொறைக்கறது நீங்கதானுங்களா?”

ஆமாம் என்றேன். திரையைக் காட்டி, “முப்பத்தொண்ணுதான் இருக்கு, பாருங்க” என்று விளக்கினேன். அவள் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இது எங்கீங்க இருக்குது? எங்க பக்கம் வந்ததே இல்லீங்களே.”

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நேற்று பக்கத்து மெஷின்காரி மயங்கி விழுந்துவிட்டாள் என்பதை அதன் பிறகுதான் சொன்னாள்.

மறுநாள் இரண்டு மணிக்கு ஒரு வெப்பமானியை எடுத்துக்கொண்டு அவளுடன் உள்ளே போனேன். ஆறு மாதத்தில் அந்த நேரத்தில் நான் அங்கே நின்றதே இல்லை. எனக்கு எண் அனுப்பும் உணர்கருவி வாசலருகே, குளிர்காற்று இறங்கும் குழாய்க்குப் பக்கத்தில் தொங்கியது. அவள் மெஷின் மேற்கு மூலையில், வெயில் காயும் சுவரை ஒட்டி. மூன்றரை மணிக்கு அங்கே முப்பத்தேழு. என் கணக்கில் அந்த நீளமான கூடம் முழுவதும் ஒரே ஓர் எண். அப்படித்தான் எழுதியிருந்தேன். கைக்குட்டையைப் பிழிந்து பிழிந்து துடைத்தபடி நான்கு மணி வரை அவளருகே நின்றேன். அவள் கை நிற்கவே இல்லை.

அன்றைக்கே மேனேஜரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“ரிப்போர்ட் மொதலாளி கைக்குப் போயிருச்சே அம்மணி. இப்பப் போயி என்னன்னு சொல்லறது?”

“தப்புன்னு சொல்லலாமுங்க, சார்.”

அவர் ஃபைலை மூடிவைத்தார். நான் அங்கிருந்து சாயப் பிரிவுக்குப் போனேன். உக்கடத்திலிருந்து வரும் பாய்தான் அங்கே மாஸ்டர். இரண்டு மணிக்குச் சாயத் தொட்டியில் ஏற்றும் நூல் லாட்டை முன்னதாக ஏற்ற முடியுமா என்று கேட்டேன்.

“பதினோரு மணிக்கே ஏத்திக்கலாம்மா. ரெண்டு மணிதான்னு யாரு சொன்னாங்க?”

யாரும் சொல்லவில்லை. பழைய ரிஜிஸ்டரில் இருந்ததை மாறாத விதி என்று நானே எடுத்துக்கொண்டிருந்தேன். லாட்டைப் பதினோரு மணிக்கு மாற்றினோம், கூடத்தில் நான்கு இடங்களில் வெப்பமானி தொங்கவிட்டு, அதில் மிக அதிகமானதையே புரோகிராம் பார்க்கும்படி திருத்தினேன். மேற்கு மூலை முப்பத்திரண்டுக்கு இறங்கியது. ஆனால் சில நாட்கள் இரண்டாவது பாய்லரை எரிக்க வேண்டியிருந்தது. எண்ணெய் மிச்சம் பாதியாகிவிட்டது.

மேனேஜர் கடைசியில் இறங்கி வந்தார். “கொறஞ்ச கணக்கையே எழுதிப்போடுங்க. ஏன் கொறஞ்சுதுன்னு மட்டும் வேண்டாம்.”

நான் ஒத்துக்கொண்டேன். வேலை நிரந்தரமாகும் நேரம் அது. மயங்கி விழுந்தவளையும் மேற்கு மூலையின் சூட்டையும் பற்றி எழுதிவைத்திருந்த ஒரு பத்தியை அழித்துவிட்டுப் புது ரிப்போர்ட்டை அச்செடுத்தேன்.

அடுத்த வருடம், அதே முதலாளியின் பொள்ளாச்சி ஆலையில் என் புரோகிராமைப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போனில் விசாரித்தேன். “ஒரு வெப்பமானிதானுங்க, வாசல்கிட்ட. நாலு எதுக்குன்னு ரிப்போர்ட்டுல ஒண்ணும் போடலீங்களே” என்றார் அங்கிருந்த இன்ஜினியர். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி பஸ் ஏறினேன். கையில் வெப்பமானியோடு கூடத்தின் நான்கு மூலைகளையும் அந்த இன்ஜினியருடன் நடந்து பார்த்தேன். முன்பு அழித்த பத்தியை அவருடைய மேஜையில் உட்கார்ந்து கையாலேயே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். “இத மொதல்லயே எழுதியிருக்கலாமுங்களே” என்றார். ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.