வெள்ளிக்கிழமைகளின் புகை

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக் கடைகள் பொழுதுபடச் சாம்பிராணி போடும்போது எனக்குச் சாமி நினைவு வருவதில்லை. ஒரு கோடு நினைவு வருகிறது. தட்டையாக ஓடிவந்து, திடீரென்று தென்னை உயரத்துக்கு எழுந்து, மறுபடி படுத்துக்கொள்ளும் வரைபுக் கோடு.

என் வேலையை வீட்டில் எவருக்கும் விளக்கி முடிந்ததில்லை. ஆராய்ச்சியாளர்கள் எண்களோடு வருவார்கள். அந்த எண்களை யார் எடுத்தார், எந்த இடத்தில், எந்தக் கருவியால், எத்தனை மணிக்கு, பக்கத்தில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று நான் எழுதி வைப்பேன். மெட்டாடேட்டா என்பார்கள். தரவைப் பற்றிய தரவு. எனக்கோ அது, பிள்ளையைத் தனியே பஸ் ஏற்றிவிடும்போது சட்டைப்பையில் வைக்கிற விலாசத் துண்டு. எண் எங்கே போனாலும் அதுவும் கூடப் போகவேண்டும்.

அந்த ஆய்வாளர் ஒரு புதன்கிழமை வந்தார். கொட்டாஞ்சேனையில் பிறந்து, கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்த பெண். காற்றில் தூசு அளப்பவர். தகப்பனின் வீட்டு மேல்மாடிப் பல்கனியில் கருவி வைத்து இரண்டு வருடமாக அளந்து வருகிறார். அந்தத் தெருவில், துறைமுகத்துக்குள் போகக் காத்துநிற்கும் கண்டெய்னர் லொறிகள். நேர் எதிரே ஒரு பாலர் பாடசாலை. எஞ்சினை அணைக்காமல் லொறிகள் நிற்கும் காலைகளில் பிள்ளைகள் எதைச் சுவாசிக்கிறார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. வெளிநாட்டுத் தரவுக் களஞ்சியம் ஒன்று கோப்பைத் திருப்பி அனுப்பியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் மட்டும் எண்கள் ஏன் இப்படிப் பாய்கின்றன? திங்கட்கிழமைக்குள் காரணம் சொல்லாவிட்டால் கருவி பழுதென்று கொள்வோம்.

கருவி பழுதென்றால் லொறிப் புகையும் பொய்.

“ஆய்வுக்குப் பொறுப்பான சேர் வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் வெட்டச் சொல்லுறார், அண்ணா.”

“வெட்டினா மிச்ச ஆறு நாளையும் ஆர் நம்புவினம்? நீர் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அங்க நிண்டு பாத்தனீரா?”

“இல்லை. அப்பாவும் அந்த நேரம் சேர்ச்சுக்குப் போயிடுவார்.”

“அப்ப போய்ப் பாப்பம்.”

எனக்குக் கருவியில் சந்தேகமே இருக்கவில்லை. கருவிகள் பொய் சொல்வது குறைவு. மனிதர்கள் சொல்லாமல் விடுவதுதான் அதிகம்.

வெள்ளிக்கிழமை போனோம். வெள்ளவத்தையில் வெறும் உப்பாக வீசும் அதே கடல், கொட்டாஞ்சேனையில் டீசலும் கருவாடும் கலந்து வீசியது. பல்கனியை ஒட்டிய அறையில் லெப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தோம். ஆறரைக்கு வெளிப்படிக்கட்டில் காலடி. கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கும் அக்கா. மலைநாட்டிலிருந்து வந்து, வீட்டிலேயே உடுப்புத் தைத்துக் கொடுப்பவர். தலை முழுகிய ஈரம் காயவில்லை. கையில் புகையும் தூபக்கால். நேரே கருவியிடம் போனார். கண்ணை மூடிக்கொண்டு மூன்று தரம் சுற்றிக் காட்டினார்.

திரையில் கோடு எழுந்து நின்றது.

“அக்கா, என்ன செய்யிறீங்க?”

அவர் பதறவில்லை. “சாம்பிராணி காட்டுறேன் மிஸ். கீழ தையல் மெசினுக்குக் காட்டுறேன்ல, அதோட இதுக்கும். பாவம், ராப்பகலா ஓடுது. இத மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?”

“ரெண்டு வருஷமாவா?”

“நீங்க கொண்டாந்து வச்ச வாரத்திலேருந்தே. ஒரு நாளாச்சும் பழுதாகிச்சா, சொல்லுங்க?”

ஆய்வாளர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு முகம். “இதை எப்படி அண்ணா எழுதுறது? சிரிப்பினம்.”

“சிரிக்கட்டும். சிரிச்சுப்போட்டு நம்புவினம். ஆனா சாட்சி வேணும்.” பிறகு கீழ்வீட்டு அக்காவைக் கேட்டேன்: “நீங்க காட்டாம விட்ட வெள்ளிக்கிழமை ஏதும் இருக்கா?”

அவர் விரல் மடித்தார். “போன சித்திர வருசப் பொறப்புக்குத் தோட்டத்துக்குப் போனோம். ரெண்டு வெள்ளிக்கெழம வீடு பூட்டித்தான் கெடந்திச்சு. பொறகு ஆடியில மாமியார் தவறிட்டாங்க. பதினாறு நாளும் வெளக்கே ஏத்தலங்க.”

தேடினோம். சித்திரையில் இரண்டு வெள்ளி மாலைகள், தட்டை. ஆடியில் இரண்டு, தட்டை. ஒரு வீட்டின் துக்கம் அந்தக் கோட்டில் சத்தமில்லாமல் படுத்திருந்தது. அதே ஆடி வெள்ளிகளின் காலைகளிலோ லொறிப் புகையின் சின்னக் குன்றுகள், மற்ற நாட்களைப் போலவே, ஒன்றும் குறையாமல் நின்றன. கருவி இரண்டையும் பார்த்திருக்கிறது. இரண்டையும் சொல்லியிருக்கிறது. அவற்றுக்குப் பெயர் வைக்கத்தான் ஆளில்லாமல் இருந்தது.

அங்கேயே எழுதினோம். கோப்பில் புதிதாக ஒரு நிரல்: சாம்பிராணி, ஆம் அல்லது இல்லை. விவரணத்தில் ‘உள்ளூர்ப் புகை மூலம்’ என்று பூசி மெழுகப் பார்த்தார் ஆய்வாளர். நான் விடவில்லை. கீழ்த்தளத்தில் குடியிருப்பவர், கருவி நன்றாக இயங்க வேண்டுமென்று, வெள்ளிதோறும் மாலை ஆறரை அளவில் அதற்குத் தூபம் காட்டினார். பயணத்தாலும் துக்கத்தாலும் நான்கு வெள்ளிகளில் காட்டவில்லை. பெயர் போடமாட்டோம், இப்படி எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டோம். “நடந்தது தானே, எழுதிக்கங்க” என்றார்.

அந்தப் பத்தியில் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் களஞ்சியம் ஏற்றுக்கொண்டது. லொறிகளின் காலைகள் இப்போது எவரும் திறந்து பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கின்றன. அன்று மாலை அது எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் படியிறங்கும்போது என் கால்கள் இலேசாக இருந்தன.

வழியனுப்ப அக்கா கேற்றடி வரைக்கும் வந்தார். தணிந்த தூபக்கால் இன்னும் கையில்.

“அப்ப வார வெள்ளிக்கெழம காட்டவா, வேணாமா மிஸ்?”

ஆய்வாளர் ஒருமுறை பல்கனியை நிமிர்ந்து பார்த்தார்.

“காட்டுங்க அக்கா. காட்டின நேரத்தை மட்டும் கலண்டர்ல எழுதி வையுங்க.”