சிக்னல் சார் போட்ட தடை

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அப்பாவை 'சிக்னல் சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கிருந்த லினக்ஸ் கணினிகள் அவர் பொறுப்பு. அவர் தலையசைக்காமல் எந்த மென்பொருளும் ஓடாது.

வீட்டிலும் அப்படித்தான். புது மிக்சி வந்தால், அவர் பிளக்கைச் சோதித்து முடிக்கும்வரை யாரும் தொடக்கூடாது. "நல்லவேளை, பிள்ளைங்க உங்களைக் கேக்காமயே பொறந்துட்டாங்க" என்பாள் அம்மா.

அவர் சிகிச்சைக்காக மருத்துவமனைக்குக் கிளம்பிய காலையில் வாஷிங் மெஷின் வந்து இறங்கியது. நான் வந்து பார்த்துக்கொள்கிறேன், அதுவரை பிரிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை.

அடுத்த மாதம் பரிசோதனைக் கூடத்திலிருந்து அழைத்தார்கள். லேபிள் அச்சிடும் புதிய மென்பொருளை டெக்னீஷியன் அக்கா தானே நிறுவியிருந்தார். நிறுவல் முடிந்தும், பின்னணியில் ஓடி லேபிள்களை அச்சிட வேண்டிய நிரல், அதாவது அதன் சேவை, எழவில்லை. ரத்தக் குழாய்களில் கையால் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே பெயரில் இருவர் வந்தால் ஆபத்து.

நானும் இதே தொழில்தான். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். உயரம் எனக்குச் சரியாக இல்லை. மாற்றவில்லை.

கணினி தானே குறித்துவைக்கும் பதிவுகளைப் பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை. கையால் ஆணை கொடுத்ததும் சேவை ஓடியது. அப்படியென்றால் நிறுவும்போது மட்டும் என்ன? மென்பொருளை அகற்றி மறுபடி நிறுவி, திரையில் வந்த வரிகளை நிதானமாகப் படித்தேன். நடுவில் ஒரு வரி, தொடங்க அனுமதி மறுக்கப்பட்டது என்றது. சேவை தோற்கவில்லை. யாரோ அதைத் தொடங்கவே விடவில்லை.

தடை ஒரு சின்னக் கோப்பில் இருந்தது. எதை நிறுவினாலும் அதன் சேவையைத் தானாக எழவிடாமல் தடுப்பதே அந்தக் கோப்பின் வேலை. அப்பா எழுதியது.

அக்காவிடம் கேட்டேன். முன்பொரு முறை நிறுவிய கையோடு தானாக எழுந்த சேவை, முந்தைய நாள் லேபிள்களை அச்சிட்டுத் தள்ளியதாம். யாரும் கவனிக்காமல் ஒட்டிவிட்டார்கள். ஒரு குழந்தைக்கு மறுபடி ஊசி குத்த வேண்டியதாயிற்று.

"அதுலேருந்து எதைப் போட்டாலும், 'இருங்க, நான் பாத்துட்டு ஆரம்பிக்கிறேன்'ம்பார். அவரே பக்கத்துல நிப்பாரா, இப்படி ஒண்ணு இருக்கறதே எங்களுக்குத் தெரியல."

அதை விட்டுவைத்தால், புதிதாக நிறுவும் ஒவ்வொன்றும் அவருக்காகக் காத்து நிற்கும். பழைய லேபிள்கள் தொடக்கத்திலேயே அழியும்படி அமைத்தேன். பிறகு கோப்பை நீக்கினேன். மறுபடி நிறுவியதும் சேவை தானாக எழுந்தது.

வீட்டில் அம்மா பக்கெட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கூடத்தில் வாஷிங் மெஷின் பெட்டி பிரிக்கப்படாமலே நின்றது.

"சரியாச்சா?"

"ஆச்சும்மா. அப்பாதான் ஒரு தடை போட்டு வெச்சிருந்தார். எடுத்துட்டேன்."

அம்மாவின் கை நின்றது.

"அவரைக் கேக்காமயா?"

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். பெட்டியின் மேல் தூசியே இல்லை. அம்மா துடைத்துவந்திருக்கிறாள். கத்தரிக்கோலை அதன் மேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அம்மா போர்வையின் ஒரு முனையை நீட்டினாள். இருவரும் பிழிந்தோம்.