சகலை வீட்டுச் சுவரில் ஒரு கழுத்து

கம்பிக்காரருக்குப் பொறாமை என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "பொறாமையா? எனக்கா? நியாயத்தைச் சொன்னேன்யா!" என்பார். அப்படி அவர் நியாயம் சொல்லாத ஆளே கிடையாது. எதிர்க்கடைக்காரர் புதுப் பெயர்ப்பலகை மாட்டினால் எழுத்து கோணல் என்பார். மாடிவீட்டுப் பெண்ணுக்கு வேலை கிடைத்தால் அந்தக் கம்பெனி சீக்கிரமே மூடிவிடும் என்பார். இதெல்லாம் வெறும் தூறல்தான். அடைமழை முழுவதும் ஒரே ஒருவர் தலையில்தான் கொட்டும். அவர் கம்பிக்காரரின் சகலை, மனைவியின் தங்கையைக் கட்டிய பல் டாக்டர்.

கம்பிக்காரர் இளவயதில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் கால் இழைத்துக்கொண்டிருந்தார். மாலை நேரங்களில் ஒரு இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பார். நான்கு தடித்த கம்பிகள் போட்ட கிட்டார் அது. ஒலித்துக்கொண்டிருக்கும் வரை அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். நின்றுபோனால்தான் பாட்டில் ஏதோ குறைகிறதே என்று தேடுவார்கள். முன்னால் நின்று பாடியவனுக்குக் கைதட்டல் போனது, பின்னால் நின்ற இவருக்கு வயிற்றெரிச்சல் மிஞ்சியது. அந்த எரிச்சல் பொறுக்காமல் குழுவை விட்டார், தொழிற்சாலையை விட்டார், செருப்புக்கடைக்குக் கீழே இருந்த நிலவறையை வாடகைக்குப் பிடித்துக் கிட்டார் பழுதுபார்க்க உட்கார்ந்தார். மரத்தூளும் வார்னிஷும் பற்றவைத்த ஈயமும் கலந்த ஒரு நெடி அந்த அறையில் எப்போதும் இருக்கும். அதுதான் தனக்குப் பசியைத் தூண்டுகிறது என்று மனைவியிடம் சொல்வார்.

பழுதுபார்ப்பதோடு நிற்காமல் சொந்தமாகவும் பேஸ் கிட்டார் செய்தார். நல்ல கிட்டார்கள், அதில் பொய்யில்லை. வாசிக்கிறவர்கள் வருவார்கள், எடுத்து மடியில் வைத்துக் கொஞ்சுவார்கள், "அருமையா இருக்குண்ணே" என்பார்கள். பிறகு நேராகப் போய் அந்தப் பேர்போன பழைய கம்பெனியின் அறுபது வருடத்துக் கிட்டார் ஒன்றைக் கடன் வாங்கியாவது வாங்குவார்கள். அதைச் சரிசெய்ய இவரிடமே கொண்டுவருவார்கள். அதில்தான் மனுஷனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இங்க வந்து பாரு," என்று மேல்தகட்டைக் கழற்றிக் காட்டுவார். "உள்ள குடைஞ்சிருக்கிற லட்சணத்தை! எலி கொறிச்ச மாதிரி இருக்கு. ஸ்க்ரூ ஒண்ணு கெழக்க பாக்குது, ஒண்ணு மேற்க பாக்குது. விரல் அழுத்துற கட்டங்கள்ல ஏழாவதுல கை வச்சா சத்தம் செத்துப்போகுது. இதுக்கா இந்த விலை? வேலைக்கு விலை இல்லடா, அழுக்குக்கு விலை!"

அதுவும் உண்மைதான். பழைய கிட்டார் சேர்க்கிறவர்களின் உலகத்தில் எல்லாம் தலைகீழ். வார்னிஷ் வெடித்துக் கோடு கோடாக இருந்தால் மகிழ்ச்சி. யாராவது பாவம் அதை அழகாக மறுபடி பூசிவைத்தால் மதிப்பு பாதி போச்சு. கம்பியை இறுக்குகிற முறுக்காணி தளர்ந்ததென்று கழற்றிவிட்டுப் புதிது போட்டாலும் போச்சு. எந்தக் கையும் படாமல் இருந்தால் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். கைதான் தன் பிழைப்பு என்று இருந்த ஒரு மனுஷனுக்கு இதைவிட வேறு அவமானம் வேண்டுமா?

அந்த உலகத்தில்தான் சகலை ஆனந்தமாகக் குடியிருந்தார். அவருக்கு ஒரு ஸ்வரம் கூட வாசிக்கத் தெரியாது. காலையிலிருந்து அடுத்தவர் வாயைப் பார்த்துவிட்டு வந்து, மாலையில் கூடத்துச் சுவரில் வரிசையாகத் தொங்கும் பழைய பேஸ் கிட்டார்களைப் பார்ப்பார். மென்மையான துணியால் துடைப்பார். அவ்வளவுதான் அவருடைய சங்கீதம். ஆளோ குணத்தில் தங்கம். கம்பிக்காரரைப் பார்த்தவுடனே "வாங்கண்ணே!" என்று எழுந்து நின்று நாற்காலி போடுவார். அந்த மரியாதையும் இவருக்கு உறுத்தும். வசதி இருக்கிறவனுக்குப் பணிவு சுலபம் என்று வீட்டுக்கு வந்து பொருமுவார்.

ஒருமுறை சுவரில் இருந்த சிவப்புக் கிட்டாரைப் பார்த்து, இது மறுபூச்சு, உங்களை நன்றாக ஏமாற்றிவிட்டான் என்று அடித்துச் சொன்னார். சகலை வெலவெலத்துப்போய் அதைப் பரிசோதிக்க அனுப்பினார். பூச்சு அசல் என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் யார் எதைக் குறை சொன்னாலும் "இது கம்பிக்காரர் நியாயமா, நிஜ நியாயமா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். சகலை மட்டும் சிரிக்க மாட்டார். அது இன்னும் மோசம்.

இந்த நிலையில் சகலை தன் கிட்டார்களுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்க நினைத்தார். மதிப்புப் போடுவதற்குக் கையில் சின்ன டார்ச்சும் கழுத்தில் தொங்கும் கண்ணாடியுமாக ஒரு அம்மாள் வந்தார். நரைத்த தலை, அனாவசியமாகப் பேசாத வாய். "அண்ணே, நீங்க வந்து இறக்கிக் கொடுத்தா எனக்குப் பயமில்ல," என்று சகலை கூப்பிட்டிருந்தார். மனைவி விடவில்லை, கம்பிக்காரரும் மனைவியும் போனார்கள். அதுவரை அந்தச் சுவரில் இருந்த எதையும் அவர் விரலால் கூடத் தொட்டதில்லை. தொட்டால் பிடித்துப்போகுமோ என்ற பயம்.

ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தார். கடைசியில் சகலை புதிதாக வாங்கியிருந்த, மங்கிய மஞ்சள் நிறக் கிட்டார் வந்தது. சுவரிலிருந்து எடுத்து இடதுகையில் கழுத்தைப் பிடித்தாரோ இல்லையோ, அப்படியே நின்றுவிட்டார். கிட்டாரின் கழுத்து என்பது கம்பிகள் ஓடுகிற அந்த நீளக்கட்டை. வாசிப்பவரின் உள்ளங்கை குடியிருக்கும் இடம். மூன்றாவது கட்டத்துக்குப் பின்னால் அவர் கட்டைவிரல் ஒரு இடத்தைத் தடவிப் பார்த்தது. அங்கே மரத்தில் ஒரு குட்டிக் கணு. அந்தக் கணுவோடு அவர் மல்லுக்கட்டியிருக்கிறார்.

பல வருடங்களுக்கு முன் ஒருவன் இந்தக் கிட்டாரோடு நிலவறைக்கு ஓடிவந்தான். வெளிநாட்டில் இருந்த அண்ணனுடைய கிட்டார். வெயிலில் காருக்குள்ளேயே போட்டுவிட்டதில் கழுத்து ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக்கொண்டது. அண்ணன் திரும்பி வருவதற்குள் அச்சு அசலாக இன்னொரு கழுத்து வேண்டும், தொட்டுப் பார்த்தாலும் தெரியக் கூடாது என்று அழுதான். கம்பிக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்தப் பழைய கம்பெனிக்காரன் செய்ததை நான் செய்ய மாட்டேனா? மற்ற வேலையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு இழைப்பதும் தேய்ப்பதுமாக இருந்தார். உள்ளங்கை பட்டுத் தேய்ந்த இடத்தில் வார்னிஷ் மங்க வேண்டும், கழுத்தின் தலைப்பகுதியில் சிகரெட் சுட்ட தழும்பு வேண்டும், எல்லாம் செய்தார். சாப்பாட்டை மனைவி கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. அது அவருக்கே தெரியும். கிட்டார் பிறகு எந்தெந்தக் கைக்கு மாறியதோ, இன்று சகலை வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

மதிப்புப் போட வந்த அம்மாள் அதை வாங்கி நெடுநேரம் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைத் தடவினார்.

"உங்ககிட்ட இருக்கிறதுலயே இதுதான் ஒசத்தி டாக்டர்," என்றார். "மத்ததெல்லாம் பழசுங்கிறதால மதிப்பு. இந்தக் கழுத்து வேலைக்கே மதிப்பு. இப்படி இழைக்க இன்னைக்கு யாருக்குங்க வருது?"

"எனக்கு வரும்," என்றார் கம்பிக்காரர். "அது நான் செஞ்சது."

 அவருடைய மனைவி, "ஆரம்பிச்சாச்சா?" என்றாள். கொழுந்தியாள் சிரிப்பை அடக்கத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"சத்தியமா நான் செஞ்சதுடி! நீதானே சோறு கொண்டுவந்த!"

"நான் எத்தனையோ நாள் கொண்டுவந்தேங்க. நீங்க எந்தக் கட்டையைத் தேய்ச்சீங்கன்னு எனக்கு என்ன தெரியும்? அந்தச் சிவப்புக் கிட்டாரையும் இப்படித்தான் அடிச்சுச் சொன்னீங்க."

கம்பிக்காரருக்கு ரத்தம் தலைக்கேறியது. "கழட்டிப் பாருங்க! நான் செஞ்ச எல்லாக் கழுத்துலயும் உடம்புக்குள்ள மறையிற இடத்துல உளியால மூணு கோடு போட்டிருப்பேன். கழட்டுங்க!"

"எப்படியும் கழட்டித்தான் பாக்கணும்," என்று அந்த அம்மாள் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். பின்பக்கத்து ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசி ஸ்க்ரூ வருகிற நேரத்தில்தான் கம்பிக்காரருக்கு நினைவு வந்தது.  தொட்டுப் பார்த்தாலும் தெரியக் கூடாது என்றானே அவன். அதனால் இந்த ஒரு கழுத்தில் மட்டும் தன் மூன்று கோட்டைப் போடவில்லை. அதோடு விட்டாரா? அந்தக் கம்பெனித் தொழிலாளி பழைய கழுத்தின் அடியில் பென்சிலால் எழுதியிருந்த மாதத்தையும் வருடத்தையும் அதே கையெழுத்தில் இதிலும் எழுதிவைத்தார். செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும் என்ற திமிர்.

கழுத்து கையோடு வந்தது. பென்சில் தேதி டார்ச் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. உளிக்கோடு எதுவும் இல்லை.

எல்லாரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அதற்குப் பதிலாக நாலு திட்டு திட்டியிருக்கலாம். கொழுந்தியாள்தான் பக்கத்தில் வந்து மெதுவாக, "மாமா, உங்களுக்கு அவ்வளவு பிடிச்சிருந்தா சொல்லுங்க, அவர்கிட்டச் சொல்லி ஒண்ணு வாங்கித் தரச் சொல்றேன்," என்றாள். கம்பிக்காரருக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. தன் வாழ்நாளின் ஒரே பெரிய வேலையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, செத்துப்போன யாரோ ஒரு கம்பெனி ஆள் மேல் பொறாமைப்பட வேண்டியிருந்தது. பேரும் தெரியாத பயல், தேதி மட்டும் போட்டுவிட்டு எல்லாவற்றையும் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

"அண்ணே, நீங்களே மாட்டிக் கொடுத்துடுங்க," என்றார் சகலை, பேச்சை மாற்றுவதற்காக. மற்றவர்கள் தேநீர் எடுக்க உள்ளே போனார்கள். கம்பிக்காரர் கழுத்தைப் பொருத்தினார். ஸ்க்ரூவை முதலில் எதிர்த்திசையில் சுற்றினார். பழைய புரியில் அது சொடுக்கென்று விழுந்த பிறகே இறுக்கினார். அவமானத்திலும் அவருக்குக் கெட்ட வேலை செய்ய வரவில்லை.

அந்த அம்மாள் மட்டும் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தத் தேதியை எழுதினது நீங்கதானே?" என்றார்.

கம்பிக்காரர் நிமிர்ந்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனையோ கழுத்துல தேதி போடுறவன் கிறுக்கிட்டுப் போவான். இதுல ஒவ்வொரு எழுத்தும் ஒரே அழுத்தம். இது எழுதினதில்ல, வரைஞ்சது. நீங்க பேசுறப்போ எனக்குச் சந்தேகம்தான். எழுத்தைப் பாத்ததும் சந்தேகம் போயிடுச்சு." டார்ச்சை அணைத்தார். "நான் நிஜத்தைத்தான் எழுதியாகணும். எழுதினா இதோட மதிப்பு பாதிக்கு விழும். உங்க சகலைகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நல்ல மனுஷனாக இருந்தால் கொஞ்சமாவது தயங்கியிருப்பான். சகலை முகம் வாடுமே, மனைவியின் தங்கை வருந்துவாளே என்று நினைத்திருப்பான். கம்பிக்காரர் அந்தக் கேள்வி முடிவதற்குள்ளேயே, "நீங்களே சொல்லுங்க. எல்லாரும் வந்தப்புறம் சொல்லுங்க," என்றார். தேநீர் வந்தது. அவர் கோப்பையைத் தொடவில்லை. பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவர் மாதிரி சகலையின் முகத்துக்கு நேராக நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

அம்மாள் சொன்னார். தேதி போலி, கழுத்து பிற்காலத்தது, செய்தவர் இவர்தான், மதிப்பு பாதி.

சகலை கிட்டாரைப் பார்த்தார். கம்பிக்காரரைப் பார்த்தார். மறுபடி கிட்டாரைப் பார்த்தார். அந்த முகம் விழப்போகிற நொடிக்காகக் கம்பிக்காரர் மூச்சை அடக்கிக் காத்திருந்தார். இத்தனை வருடக் காத்திருப்பு அது.

முகம் விழவில்லை. மலர்ந்தது.

"அண்ணே!" என்று எழுந்து வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார் சகலை. கண் கலங்கியிருந்தது. "இது நீங்க செஞ்சதா? நம்ம வீட்டு ஆள் செஞ்சதா? நான் யாரோ எவனோன்னு நெனச்சு தினமும் தொடச்சிட்டிருந்தேன்! இது இனிமே இந்த மூலையில தொங்கக் கூடாது, நடுவுல மாட்டுறேன். கீழ உங்க பேரை எழுதி வைக்கிறேன். மதிப்பு கெடக்கட்டும், போங்க!" நடிக்கிறாரா என்று கம்பிக்காரர் உற்று உற்றுப் பார்த்தார். ஊசிமுனை அளவுகூட நடிப்பு இல்லை.

"இவருக்கு என்ன கண்ணு பாத்தீங்களா!" என்றாள் கொழுந்தியாள் பூரிப்போடு. "எத்தனை கடை ஏறி இறங்கினார்! யார் செஞ்சதுன்னு தெரியாமலே மாமா வேலையைத் தேடிப் பிடிச்சிட்டாரே!" அந்த அம்மாள்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இந்த மாதிரி ஒருவரைத் தன் தொழிலில் இதுவரை பார்த்ததில்லை என்றார். டாக்டரைப் பற்றித்தான் சொன்னார்.

வீட்டுக்குப் போகிற பேருந்தில் ஜன்னலோரம் கம்பிக்காரர் உட்கார்ந்திருந்தார். வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அவர் பேர் சுவரில் ஏறப்போகிறது. ஆனால் நெஞ்சு எரிந்தது. முன்பைவிட அதிகமாக எரிந்தது. கிட்டாருக்காக இல்லை. தன் பொருளின் மதிப்பு பாதியாகப் போனதைக் கேட்டு அடுத்தவனுக்காகச் சந்தோஷப்பட ஒருவனால் எப்படி முடிகிறது? அந்த மாதிரி மனசை எங்கே வாங்கினான்? எந்த உளியை வைத்து அதைச் செய்வது?

பக்கத்தில் மனைவி தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு எவ்வளவு பெரிய மனசு!" என்றாள்.

"நிறுத்துடி," என்றார் அவர். "நான் செஞ்சதைவிட அவன் சந்தோஷப்பட்டதுதான் உனக்குப் பெருசாப் போச்சா?"

அவள் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள்.