ஊரார் சனியில் ஒரு ஜாக்கெட்

என்னைவிடப் பெரிய மடையன் தென்காசிப் பக்கம் இருந்திருக்கலாம். ஆனால் அவன் சும்மா மடையனாக இருந்திருப்பான். நான் கோயம்புத்தூரில் மூன்று வருடம் ஃபேஷன் படித்து, பட்டம் வாங்கி, முறைப்படி மடையனானவன். குற்றாலத்துக் குரங்கு வடையைப் பிடுங்கும், கைப்பையைப் பிடுங்கும், ஆற்றோரம் கிடக்கும் அந்தத் துணியை மட்டும் தொடாது. இலஞ்சியில் பிறந்து வளர்ந்த நான் தொட்டேன்.

படிப்பு முடிந்து வீட்டில் இருந்த காலம் அது. தெருவில் விசாரிப்பவர்களிடம் அம்மா, "பையன் டிசைனர்" என்பாள். "டெய்லரா?" என்பார்கள். "அதுக்கும் மேல" என்பாள். மேலே என்றால் எங்கே என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அப்போதுதான் பெங்களூரில் ஒரு கம்பெனி பயிற்சிக்கு ஆள் எடுப்பதைப் போனில் பார்த்தேன். சமூக அக்கறையோடு உடுப்பு தயாரிக்கிறவர்கள். தைப்பவருக்கு நியாயமான கூலி, பூமியைக் கெடுக்காத சாயம், எறிந்த துணியில் புதிய சட்டை. தேர்வுக்கு ஒரே நிபந்தனைதான்: உன் ஊரில் வீணாகக் கிடக்கும் துணியில் ஓர் உடுப்பு தைத்து, ஊர்க்காரர் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு நிற்கும் படத்தை அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் நான் விண்ணப்பித்த கம்பெனிகளில் ஒன்றுகூட 'இல்லை' என்று சொல்லும் மரியாதையைத் தரவில்லை. இதுவும் போனால் புளியங்குடியில் மாமாவின் எலுமிச்சை மண்டிக்குச் சாக்கு தைக்கப் போக வேண்டும் என்று அப்பா தீர்ப்பு சொல்லியிருந்தார். "அதுவும் தையல்தானே, படிச்ச படிப்பு வீணாவாது" என்றார்.

சாரல் காலம். மெயின் அருவிப் பக்கம் போனால், ஆற்றோரம் வேட்டியும் சட்டையும் சேலையுமாகக் குவிந்து கிடந்தன. சிலவற்றில் கஞ்சி விறைப்புகூட முழுதாகப் போகவில்லை. துப்புரவுப் பணி பார்க்கும் அக்கா ஒருத்தி நீளக் கம்பியால் அவற்றை இழுத்துக் குப்பை வண்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதுல கொஞ்சம் எடுத்துக்கிடட்டா?"

கம்பியை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எய்யா, வீட்டுல ஏதும் பிரச்சினையா?"

"இல்லக்கா. இத வச்சு டிசைன் பண்ணப் போறேன்."

"படிச்ச பிள்ளையா?"

"ஆமா."

"அதான பாத்தேன். எடுத்துக்க."

மூட்டையை வீட்டுப் புறவாசலில் அவிழ்த்ததும் அம்மா வந்துவிட்டாள்.

"ஏலே, இதெல்லாம் எங்கன கிடந்துச்சு?"

"அருவிக்கரையில."

அம்மா இரண்டு எட்டு பின்னால் போனாள். "கூறுகெட்டவனே, அது சனி தொலையட்டும்னு அவுத்துப் போட்ட துணில்லா. அவங்க திரும்பிப் பாக்காம போறாங்க, நீ பின்னாலயே போயி பொறுக்கிட்டு வாரியே. உனக்கு ஏற்கெனவே ஏழரை நடக்கு. இப்ப இந்த மூட்டைக்குள்ள எத்தன ஏழரைலே இருக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோஷம் கழிக்க வருகிறவர்கள், அமாவாசைக்குத் திதி கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் உடுத்திய துணியோடு முங்கி, அதை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். பாவம் துணியோடு ஒழிந்தது என்பது நம்பிக்கை. கல்லூரியில் இதையே துணிக்கழிவு என்று சொல்லிக்கொடுத்தார்கள். பாவத்தைப் பற்றி அந்தப் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை.

வேறு துணி தேட நாள் இல்லை. மூட்டையைத் தென்காசியில் நைட்டி தைக்கும் கூடம் நடத்துகிற கூட்டாளியிடம் தூக்கிப் போனேன். வெந்நீரில் வேகவைத்து, மொட்டைமாடியில் உலர்த்தி, சாப்பாட்டு நேரத்தில் மிஷின் சும்மா இருக்கும்போது தைத்தேன். காவி வேட்டி உடம்பு, நீலச் சட்டையில் கை, கழுத்துக்குச் சேலைக் கரை. பெருமைக்குச் சொல்லவில்லை, சட்டைக்கு மேல் மாட்டுகிற அந்த ஜாக்கெட் நன்றாகவே வந்தது. அங்கே தைக்கிற பெண்கள் தடவிப் பார்த்துப் பாராட்டினார்கள். துணி எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்டார்கள். சொன்னேன். தடவிய கையைக் கழுவப் போனார்கள்.

இனி அதைப் போட ஓர் ஆள் வேண்டும். கூட்டாளி தொழுதுவிட்டு வந்தான். இவனுக்கு ஏது சனி, ஏது பெயர்ச்சி என்ற தைரியத்தில் நீட்டினேன்.

"மாப்ள, உங்க ஆளுகளுக்கு இது ஒட்டாதுலா. ஒரே ஒரு போட்டோ."

"உன்கூட சேந்து சுத்துததுக்கே எங்க வாப்பா சவுதில இருந்து திட்டுதாரு. இருக்க சனி போதும்லே."

போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகும் பையன்களிடம் கேட்டேன். "செலக்சன் முடியட்டும்ணே" என்று சொல்லிவிட்டு, பயிற்சியில் ஓடுவதைவிட வேகமாக ஓடினார்கள்.

கடைசியில் என் படித்த மூளை ஒரு வழி கண்டுபிடித்தது. தினமும் அந்தத் துணியிலேயே புழங்குகிறவள் அந்த அக்கா. அவளுக்குப் புதிதாக என்ன ஆகிவிடப் போகிறது? சமூக அக்கறையோடு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு குற்றாலம் போனேன்.

அவள் ஜாக்கெட்டின் பைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். "நல்லாத்தான் தச்சிருக்க."

"போட்டுக்கிட்டு நில்லுங்கக்கா, ஒரு படம் எடுத்துக்கிடுதேன்."

"உங்க வீட்டுல யாரும் போட மாட்டேன்னுட்டாங்களோ?"

நான் அருவியைப் பார்த்தேன்.

"போனை இங்கன தா. நீ போடு, நான் எடுக்கேன்."

போட்டேன். குப்பை வண்டிக்கு முன்னால் நிற்கவைத்து, "சிரிலே" என்று அதட்டி எடுத்தாள். அந்தப் படத்தைத்தான் அனுப்பினேன்.

ஒரு வாரத்தில் வீடியோ காலில் கூப்பிட்டார்கள். கம்பெனியை நடத்தும் மேடமும் இன்னும் இரண்டு பேரும். "இந்தத் துணியோட கதையச் சொல்லுங்க" என்றார் மேடம். கதை தயாராக இருந்தது: அருவியில் ஆடிப்பாடியவர்கள் ஞாபகமறதியாக விட்டுப்போன துணிகள் என்று. வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அம்மா, "அது சனித்துணிம்மா. படிச்சுப் படிச்சுச் சொன்னேன், இவன் கேக்கல" என்றாள்.

மண்டிச் சாக்கு கண்ணுக்கு முன்னால் வந்து தொங்கியது. வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொன்னேன். யார் அவிழ்த்தது, எதற்கு அவிழ்த்தது, யார் யார் போட மறுத்தது எல்லாவற்றையும்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். பாவத்தையே மறுசுழற்சி செய்த உடுப்பு, இப்படி ஒரு சிந்தனையை இதுவரை பார்த்ததில்லை என்றார். மற்ற இருவரும் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். வருகிற திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். சந்தோஷத்தில் எனக்கு நாக்கு நிற்கவில்லை.

"மேடம், வரும்போது ஜாக்கெட்டைக் கொண்டுவந்திருதேன். உங்களுக்கு அளவு சரியா இருக்கும், போட்டுப் பாருங்க."

"வேண்டாம், போட்டோ போதும்."